சண்டமாருதனின் பெயர்

பொன்னி பத்திரிகையை மடியில் விரித்து, கடைசிப் படத்தின் மேல் விரலை வைத்தாள்.

படத்தில் ஒரு பெண் உயரமான கோபுரத்தின் உச்சியில் நின்றிருந்தாள். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கி. வாயை அகலத் திறந்திருந்தாள். ஆனால் வாயிலிருந்து வார்த்தை எதுவும் வரவில்லை. வார்த்தைகள் இருக்க வேண்டிய வட்டத்துக்குள் வெறும் காகிதம்தான் இருந்தது.

"ஏனுங்கம்மா, இவ என்ன சொல்லப் போறா?"

அடுத்த வாரம் தெரிந்துவிடும் என்றேன்.

அடுத்த வாரம் தெரியவில்லை. அதற்கடுத்த வாரமும் தெரியவில்லை. அந்தப் பெண் திறந்த வாயை மூடுவதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் மலையில் எத்தனையோ நடந்துவிட்டது. நான் செய்த ஒரு தப்பும் அதில் சேர்த்தி. அதைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்தத் தொடரில் உண்மையை எழுதுவதாக ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டு தொலைத்துவிட்டேன், ஆகவே எழுதுகிறேன்.

தாயும் வரவில்லை, சேயும் வரவில்லை

கொல்லிமலைக்கு நான் போய்ச் சேர்ந்த கதையைப் போன வாரமே சொல்லிவிட்டேன். இந்த வாரம்தான் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்காகச் சுருக்கமாக மறுபடியும் சொல்கிறேன். சீனச் சண்டைக்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால், மலையில் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சின்னக் கிராமத்துக்கு என்னை மிட்வைஃபாகப் போட்டார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகும் என்ற நம்பிக்கையை வீட்டில் ஒவ்வொருவராகக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்தில் புளியஞ்சோலை ஓடையைத் தாண்டி ஏற ஆரம்பித்தால் பொழுது சாய்வதற்குள் ஊர் வந்துவிடும், முழங்கால் ஒத்துழைத்தால்.

எனக்குக் கொடுத்தது ஓர் ஓட்டு வீடு. நெற்றியில் 'தாய் சேய் நல விடுதி' என்று பலகை. உள்ளே இரண்டு கட்டில்கள். முதல் ஏழெட்டு மாதம் தாயும் வரவில்லை, சேயும் வரவில்லை. மலைப் பெண்கள் தங்கள் பிரசவத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். நன்றாகவும் பார்த்துக்கொண்டார்கள். வழியில் என்னைக் கண்டால் தலைச்சுமையோடு ஒதுங்கி நின்று, நான் போன பிறகுதான் நடந்தார்கள். அந்த மரியாதைதான் பெரிய தொல்லை. ஒரு சண்டை போட்டிருந்தால்கூட நாலு வார்த்தை பேசின மாதிரி இருந்திருக்கும்.

ஒரு தடவை மூன்று நாள் தொடர்ந்து மழை. யாரும் வெளியே வரவில்லை. நாலாம் நாள் தபால்காரரைப் பார்த்ததும் பேச வாயெடுத்தேன். குரல் கரகரவென்று, யாருடையதோ மாதிரி வந்தது. மூன்று நாளும் நான் வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன்.

கருவாட்டு வாசனையோடு ஒரு வீரன்

புதன்கிழமைதான் தபால் வரும். துறையூரில் இருந்த என் தம்பி, தான் படித்து முடித்த வாரப் பத்திரிகையைச் சுருட்டிக் கயிறு கட்டி அனுப்புவான். தபால்காரர் அதே பையில் வீட்டுக்குக் கருவாடும் வாங்கிக்கொண்டு வருவார். ஆகவே அந்தப் பத்திரிகையில் வந்த எல்லாக் காதல் கதைகளையும் நான் கருவாட்டு வாசனையோடுதான் படித்தேன். இன்றைக்கும் சந்தையில் நெத்திலி வாசனை வந்தால் எனக்கு எதையாவது படிக்க வேண்டும் என்று தோன்றும்.

அதில் வாரம் இரண்டு பக்கம் ஒரு படக்கதை. கதாநாயகன் பெயர் சண்டமாருதன். அவன் முதலில் ஒரு சாதாரண விமானி. புயலுக்குள் விமானத்தை ஓட்டும்போது இடி விழுந்து, அந்தப் புயலே அவன் உடம்புக்குள் புகுந்துவிடும். அன்றிலிருந்து அவன் பறப்பான். கப்பலைக் கையால் நிறுத்துவான். கறுப்பு முகமூடி, தோளில் சால்வை, நெஞ்சில் ஒரு சுழி.

ஒரே ஒரு ஆபத்து உண்டு. அவனுடைய பழைய பெயரை, அதாவது பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டுவிட்டால், உடம்பிலுள்ள புயல் இறங்கிப் போய்விடும். வானத்தில் இருந்தால் கல் மாதிரி விழ வேண்டியதுதான். அதனால் வீட்டை விட்டு, மனைவியை விட்டு, தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஊர்களாகப் பார்த்து அலைவான். வாசகர்களுக்கும் அந்தப் பெயர் தெரியாது. ஓவியர் கடைசிவரை சொல்லவில்லை.

ஊரைக் காப்பாற்றிவிட்டு, ஏதாவது ஒரு கூரை மேல் தனியாக உட்கார்ந்து வீடுகளுக்குள் எரியும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் படம் வருகிற வாரமெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

ஆறின புண்

பொன்னி என்னிடம் வந்தது பிரசவத்துக்கு இல்லை. சாமை அறுக்கும்போது கால் விரலில் அரிவாள் பட்டுவிட்டது. நான் மருந்து வைத்துக் கட்டும்போது அவள் முகத்தைச் சுளிக்கவே இல்லை. மேஜை மேல் கிடந்த பத்திரிகையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சண்டமாருதன் ஒரு ரயில் வண்டியைத் தூக்கிக்கொண்டிருந்தான். ரயிலை அவள் பார்த்தது கிடையாது. "எத்தன ஊட்டக் கோத்து வெச்சிருக்குது" என்றாள்.

திருப்புலி நாட்டில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். எனக்கு இரண்டு மூன்று வயது இளையவள். குழந்தை இல்லை. புருஷன் பலா மரம் ஒன்றின் பாத்தியதை பற்றி அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு, சமவெளியில் எங்கோ அணைக்கட்டு வேலைக்குப் போய்விட்டான். இவள் மச்சாண்டார், அதாவது அந்த அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். அங்கே யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. யாரும் பேசவும் இல்லை.

ஐந்து நாள் கட்டு மாற்ற வந்தாள். ஐந்து நாளும் பழைய இதழ்களை எடுத்து வைத்துக் கதையை முதலிலிருந்து சொன்னேன். ஆறாம் நாள் புண் ஆறிவிட்டது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. ஏழாம் நாள் ஒரு சீப்பு மலைவாழைப் பழத்தோடு வந்து உட்கார்ந்து, "அப்பறமுங்க?" என்றாள்.

அப்படித்தான் புதன்கிழமைகள் எங்கள் இருவருக்கும் உரியவை ஆயின. நான் எழுத்தைப் படிப்பேன். அவள் படத்தைப் படிப்பாள். நான் பார்க்காததையெல்லாம் அவள் பார்ப்பாள். வில்லனின் சட்டையில் ஒரு பொத்தான் குறைகிறது என்பாள். போன வாரம் இடது பக்கம் இருந்த மச்சம் இந்த வாரம் வலது பக்கம் போய்விட்டது என்பாள். சண்டமாருதன் என்ற பெயர் அவள் வாயில் சண்டை மருதன் ஆகிவிட்டது. நானும் கொஞ்ச நாளில் அப்படியே சொல்ல ஆரம்பித்தேன்.

திறந்த வாய்

இப்போது அந்தக் கோபுரத்துக்கு வருவோம்.

காலகூடன் என்று ஒரு பேராசிரியர், அவன்தான் வில்லன். சண்டமாருதனின் ரகசியத்தை எப்படியோ தெரிந்துகொள்கிறான். மனைவியைக் கண்டுபிடித்துக் கோபுர உச்சிக்குக் கொண்டுபோகிறான். அந்த நேரம் பார்த்து, கோபுரத்துக்கு எதிரே உடைந்த பாலத்துக்கு மேலே, ஜனங்கள் நிறைந்த ரயிலைத் தோளில் தாங்கிக்கொண்டு சண்டமாருதன் நிற்கிறான். இப்போது யாராவது பெயரைச் சொன்னால் அவனும் விழுவான், ரயிலும் விழும். காலகூடன் துப்பாக்கியை வைத்து, "உன் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடு" என்கிறான். அவள் வாயைத் திறக்கிறாள். தொடரும்.

சொல்வாளா, சொல்லாமல் செத்துப்போவாளா என்று எனக்கு ஒரே தவிப்பு. பொன்னிக்குத் தவிப்பே இல்லை.

"பேரச் சொல்லமாட்டாளுங்க. கட்டுனவ எப்படீங்க சொல்லுவா?"

நான் சிரித்தேன். இது கதை, இவள் பட்டணத்துப் பெண், காலில் செருப்பெல்லாம் போட்டிருக்கிறாள் பார் என்று விளக்கினேன்.

"செருப்புப் போட்டுட்டாப் புருசன் பேரச் சொல்லீருவாளுங்களா?" என்றாள்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் அம்மாவே அப்பாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ரேஷன் கார்டு வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். குமாஸ்தா வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். அம்மா என் தோளை இடித்து, நீ சொல்லுடி என்றாள். எனக்குப் பத்து வயது, ஊர்ப்பட்ட கூச்சம். நான் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட, இரண்டு பேரும் கார்டு இல்லாமல் திரும்பினோம். அப்பா அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. அம்மா பெயரைச் சொல்லியிருந்தால்தான் கோபித்திருப்பார்.

அடுத்த புதன்கிழமை பத்திரிகையில் சண்டமாருதன் இல்லை. ஓவியருக்கு உடல்நலமில்லை, விரைவில் தொடரும் என்று ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். நாலைந்து வாரம் அதே வரி வந்தது. பிறகு அந்த வரியும் நின்றுவிட்டது. அந்த இடத்தில் கூந்தல் தைல விளம்பரம் வர ஆரம்பித்தது.

பொன்னி மட்டும் வருவதை நிறுத்தவில்லை. பழைய இதழ்களையே எடுத்துப் பார்ப்போம். அந்தத் திறந்த வாயைப் பார்த்து, "பாவம், வாய் வலிக்குமில்லீங்க" என்பாள்.

மூன்று கார்டுகள்

அந்த வருஷம் மிளகு பறிக்கிற சமயத்தில் பொன்னி ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கார்டு எழுத வேண்டும், மச்சாண்டார் காதுக்குப் போகக் கூடாது என்றாள்.

விஷயம் இதுதான். புருஷன் கிளம்பின அன்று அவளையும் கூப்பிட்டிருக்கிறான். ஓரகத்திக்கு அப்போது நிறை மாதம். அந்த நிலையில் விட்டுவிட்டு வர முடியாது என்று இவள் நின்றுவிட்டாள். அவனுக்கு ரோஷம். "நீயாக் கூப்புட்டா வாரேன், கூப்புடாத வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். ஓரகத்தி பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் தவழ ஆரம்பித்துவிட்டது. இப்போது கூப்பிட வேண்டும்.

வேலை நடக்கிற இடம் தெரியும். மேஸ்திரி பெயர் தெரியும். ஆள் பெயரைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்த விளையாட்டு எனக்குப் புதிதா என்ன. குறிப்புச் சொல் என்றேன். "நம்ம மலச்சாமி பேருங்க" என்றாள். பெரிய கோயில் சாமியா என்றேன். ஆமாம் என்று தலையாட்டினாள். "ஈஸ்வரன்தானே?" என்றேன்.

"ஆமாங்க, அந்தச் சாமிதானுங்க."

இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டேனே என்று எனக்குப் பெருமை. ஈஸ்வரன் என்று கொட்டை எழுத்தில் விலாசம் எழுதி, 'உடனே வந்து அழைத்துப் போகவும்' என்று முடித்து அனுப்பினேன்.

பதில் இல்லை. மூன்று மாதம் கழித்து இன்னொன்று. அதற்கும் இல்லை. மறு வருஷம் மூன்றாவது. அதன் பிறகு பொன்னி எழுதச் சொல்லவில்லை. ஆனால் புதன்கிழமை தபால்காரர் வரும்போது அவள் பத்திரிகையைப் பார்க்கமாட்டாள், அவர் பையின் அடியைப் பார்ப்பாள்.

இங்கேதான் எனக்குக் கை கூசுகிறது. பதில் வராததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அவன் வேறு எவளையாவது சேர்த்துக்கொண்டிருப்பான் என்று முடிவு கட்டினேன். பொன்னிக்காக வருத்தப்பட்டேன், அது நிஜம். அவள் போகமாட்டாள் என்று நிம்மதியும் பட்டேன், அதுவும் நிஜம்.

நடுங்கும் கோடுகள்

அப்புறம் ஒரு புதன்கிழமை, பலாப்பழக் காலம். ஊர் முழுக்கப் பழ வாசனை. அதையும் மீறிக் கருவாட்டு வாசனையோடு பத்திரிகை வந்தது. கயிற்றை அவிழ்த்தால் அட்டையிலேயே கறுப்பு முகமூடி. 'சண்டமாருதன், இறுதிப் பகுதி, எட்டுப் பக்கங்கள்.'

பொன்னி வரும்வரை பிரிக்கக் கூடாது என்று பத்திரிகையைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, அடுப்பில் எதையோ போட்டுத் தீய்த்தேன். அவள் வந்தாள். தரையில் பாய் விரித்து இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தோம்.

ஆசிரியர் குறிப்பு ஒன்று இருந்தது. பக்கவாதத்தில் ஓவியருக்கு வலது கை விழுந்துவிட்டதாம். இரண்டு வருஷமாக இடது கையால் வரையப் பழகி முடித்திருக்கிறாராம். குறிப்பைப் படிப்பதற்கு முன்பே பொன்னி, "கோடு நடுங்குதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

முதல் பக்கம் முழுவதும் ஒரே படம். அதே கோபுரம், அதே துப்பாக்கி, அதே திறந்த வாய். இந்தத் தடவை வாய்க்குப் பக்கத்து வட்டத்தில் எழுத்து இருந்தது. 'ஏங்க, இங்கே பாருங்களேன்!'

அவ்வளவுதான். காலகூடன் பெயரைச் சொல், பெயரைச் சொல் என்று குதிக்கிறான். 'கட்டினவர் பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை' என்கிறாள் அவள். துப்பாக்கிக்குப் பயந்து பெயரைச் சொல்லவில்லை. தியாகமும் செய்யவில்லை. வழக்கமாக அடுக்களையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். அங்கே பாலத்தில் சண்டமாருதன் தலையைத் திருப்புகிறான். அவன் விழவில்லை. ரயிலை மெதுவாகக் கரையில் இறக்கி வைத்துவிட்டுக் கோபுரத்துக்கு வருகிறான். அப்புறம் அடிதடி இரண்டு பக்கம், அதை விடுங்கள். கடைசிப் படத்தில் முகமூடியைக் கழற்றிவிட்டு ஒரு வீட்டுப் படியேறுகிறான். இத்தனை வருஷமாக அவன் கூரை மேலிருந்து பார்த்த விளக்குகளில் அதுவும் ஒன்று. உள்ளேயிருந்து மறுபடியும் ஓர் 'ஏங்க' கேட்கிறது. அதற்கடியில் முற்றும்.

நான் அதுவரை படித்த எந்தக் கதையும் அப்படி என் நெஞ்சை நிறைத்ததில்லை. இரண்டு வருஷம் காத்திருந்ததற்குக் குறையே இல்லை என்று தோன்றியது. உயிரை வாங்குகிற அந்தச் சாபத்தை உடைக்க வாளும் வேண்டாம், வித்தையும் வேண்டாம், நம் வீட்டுப் பெண்கள் தினம் கூப்பிடுகிற கூப்பாடு போதும் என்று ஒருவர் இடது கையால் வரைந்து காட்டிவிட்டார்.

பொன்னி எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாஞ் சொன்னேனில்லீங்க" என்றாள்.

நான் தோல்வியை ஒப்புக்கொண்டேன். சும்மா கேலிக்காக, "சண்டை மருதன் பெயர்தான் கடைசிவரை தெரியவில்லை. உன் ஈஸ்வரன் பெயரையாவது நான் கண்டுபிடித்தேன்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "ஈசுவரனா? அது ஆருங்க?"

பின்னால் இருப்பதை விட்டுவிடு

மலைச்சாமி பெயர்தானே சொன்னாய் என்றேன். ஆமாம் என்றாள். பெரிய கோயில் சாமிதானே? ஆமாம். அந்தச் சாமிக்கு ஈஸ்வரன் என்றுதானே பெயர்?

"சாமி பேர முச்சூடாச் சொல்லுங்கம்மா."

"அறப்பளீஸ்வரர்."

"அதுல பின்னால இருக்கறத உட்டுருங்க."

அறப்பளி. கீழ்நாட்டிலிருந்து போன எனக்குச் சாமியின் பின்பாதிதான் பெயர். மலைக்காரர்களுக்கு முன்பாதிதான் பெயர். ஊரில் பத்து வீட்டுக்கு ஓர் அறப்பளி இருந்தான், எனக்கே மூன்று பேரைத் தெரியும். அன்று அவள் தலையாட்டியது சாமி இன்னார் என்பதற்கு. நான் அதைப் புருஷன் பெயர் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று கார்டும் இல்லாத ஒரு மனிதனுக்குப் போயிருக்கின்றன.

தலையில் அடித்துக்கொண்டு அவளிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நாங் கூப்புட்டது அவருக்குக் கேக்கவே இல்லீங்களா?"

அதற்குப் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "நாங் கூப்புடுவேன்னு அங்கயே பாத்துக்கிட்டு இருக்காரு."

உடனே ஒரு கார்டு எழுதுங்கள், தபால்காரர் இன்னும் ஊரைத் தாண்டியிருக்கமாட்டார் என்றாள். கார்டு தீர்ந்துவிட்டது, அடுத்த புதன் பார்க்கலாம் என்று சொன்னேன்.

டிரங்குப் பெட்டியில் இரண்டு கார்டு இருந்தது.

அந்த ஒரு வாரத்தை நான் எப்படிச் சொல்வது. தினமும் பெட்டியைத் திறப்பேன், கார்டைப் பார்ப்பேன், மூடுவேன். அவன் வந்தால் இவள் போய்விடுவாள். அப்புறம் எனக்கு இரண்டு கட்டில்களும் பலகையும் மழையும்தான். நாலாவது கார்டும் தொலைந்துவிட்டதாக இருக்கட்டுமே, யாருக்குத் தெரியப் போகிறது என்றுகூட நினைத்தேன். நினைத்துவிட்டு, அடுத்தவர் வீட்டில் திருடின மாதிரி உடம்பெல்லாம் கூசிப் போனேன். பொன்னி அந்த வாரம் முழுக்க வழக்கம்போல வந்தாள். கார்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை அவள் சந்தேகிக்கவே இல்லை என்பதுதான் என்னைக் கொன்றது.

புதன்கிழமை காலையில் எழுதினேன். அறப்பளி என்று எழுதி, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன்.

வந்தவன்

ஒரு மாதம்கூட ஆகவில்லை, வந்துவிட்டான். குள்ளமான ஆள். தலைத்துண்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விடுதி வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னதற்குப் பிரசவ வீடு என்று மறுத்துவிட்டான். அங்கே பிரசவமே அபூர்வம் என்று நான் சொல்லவில்லை.

மேஸ்திரியின் பெட்டியில் ஈஸ்வரன் என்ற பெயருக்கு வந்த கார்டுகள் ரொம்ப நாள் கிடந்தனவாம். ஈஸ்வரன் யாருடா என்று சம்பள நாளெல்லாம் கூப்பிட்டுக் கேட்பாராம். "நாந்தான் வரிசையில பின்னால நிக்கறவன், எந்த ஊருக்காரனுக்கோ பாவம், ஊட்டுல தேடறாங்களேன்னு நெனச்சுக்கிட்டு நின்னேனுங்க" என்றான். படிக்கத் தெரியாது. என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவனுக்கு வேலையிடத்தில் ஒரு குடிசை இருந்தது. அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவும் போனான். பலா மரத்தைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லையாம். மறுநாள் விடிந்ததும், ஒரு மூட்டை மிளகும் கொஞ்சம் கிழங்குமாகக் கிளம்பினார்கள். பொன்னி விடுதிக்கு வந்தாள். முதல் தடவையாகத் தலைமுடியைப் படிய வாரியிருந்தாள்.

கடைசி இதழை எடுத்துப் போ என்று கொடுத்தேன். வேண்டாம் என்றாள், அது முடிந்து போன கதைதானே என்றாள். நான் பெட்டியில் ஒளித்த கார்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் மன்னித்திருப்பாள், அதுவே என்னால் தாங்க முடியாமல் இருந்திருக்கும்.

படி இறங்கினவள் திரும்பி நின்றாள்.

"ஏனுங்கம்மா, உங்க பேரு என்னங்க?"

மூன்று வருஷம் அந்த மலையில் இருந்திருக்கிறேன். நர்சம்மா என்றார்கள், மிட்வைஃப் வாயில் நுழையாமல் மிட்டாய்ப்பம்மா என்றுகூட ஒரு கிழவர் சொன்னார். பெயரை யாரும் கேட்டதில்லை. நானும் அதை மறந்து போன மாதிரிதான் இருந்தேன். எதற்குக் கேட்கிறாய் என்றேன்.

"ஆரக் கொண்டாவது கடுதாசி போடுவேனுங்க. பேரு தப்பாப் போட்டா வராதில்லீங்க."

சௌந்தரம் என்றேன். சவுந்தரம், சவுந்தரம் என்று வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். பிறகு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள். புளியஞ்சோலைத் தடம் கொஞ்ச தூரத்திலேயே பள்ளத்தில் இறங்கிவிடும். முதலில் அவன் தலை மறைந்தது, பிறகு மூட்டை மறைந்தது. நான் உள்ளே போகத் திரும்பினேன்.

கீழேயிருந்து குரல் வந்தது. "சவுந்தரம்!"

நான் ஓடிப்போய் மேட்டு ஓரத்தில் நின்றேன். மரங்களும் பனியும்தான் தெரிந்தன.

"செரியாச் சொல்றனுங்களா?"

சரிதான், சரிதான் என்று கத்தினேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.